ஃபெல்ட் வேலையில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

ஈரக் கம்பளியைத் தேய்த்துத் தேய்த்தே துணியாக்கும் ஃபெல்ட் வேலையில், கோளாறு கண்ணில் படுவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான். அது உண்டாவதோ நார் அடுக்கும்போது, அல்லது முதல் தண்ணீர் தெளிக்கும்போது. அதனால் "சரியா வரலையே, இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்போம்" என்று இறங்கினால் திருத்தக்கூடியதும் திருத்த முடியாததாகிவிடும். ஏதோ சரியில்லை என்று தோன்றியதும் கையை நிறுத்துங்கள். துண்டு ஈரத்தோடு அரை மணி நேரம் சும்மா கிடந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. சாயம் இறங்கும் துணி கலந்திருந்தால் மட்டும் அதைப் பிழிந்து வைத்துவிட்டு யோசியுங்கள்.

இங்கே சொல்வது சுவரில் மாட்டும் கலைத்துண்டுகளை மனத்தில் வைத்து. அடியில் மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி, மேலே பட்டு நார், வாழைநார், பழைய ஜார்ஜெட் புடவைத் துண்டு, பாலியஸ்டர் ஆர்கன்சா, மினுமினுக்கும் செயற்கை நார் என்று கலந்து செய்பவை அவை. இத்தனை பொருளில் ஃபெல்ட் ஆகக்கூடியது கம்பளி ஒன்றுதான். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. அவை எல்லாம் இழையின் நுனியை நோக்கியே சாய்ந்திருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அசைக்கும்போது இழை ஒரு பக்கமாக மட்டுமே, அதாவது தன் வேர்ப்பக்கமாகவே, எளிதில் நகரும்; திரும்பி வராது. இப்படி ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சிக்கி இறுகுவதுதான் ஃபெல்ட். பட்டு, பருத்தி, வாழைநார், பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக் எதற்கும் அந்தச் செதில் கிடையாது. கம்பளி பிடித்துக்கொண்டால் அவை நிற்கும், விட்டால் விழும். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு கோளாறிலும் நான் முதலில் கேட்பது, அந்த இடத்தில் கம்பளி என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைத்தான்.

எவ்வளவு தேய்த்தாலும் நார் சேரவே இல்லை

நம் ஊரில் இதற்கு முதல் காரணம் கடையில் இருக்கிறது. ஃபேன்ஸி ஸ்டோரில் "உல்லன் நூல்" என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். பேர்தான் உல்லன், ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின்னல் வேலைக்கு அது போதும். ஃபெல்ட்டுக்கு விடிய விடியத் தேய்த்தாலும் ஆகாது.

கண்டுபிடிக்க ஒரு சிறு இழையை இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சுடரை எடுத்ததும் தானே அணைந்துவிடும், சாம்பல் விரலில் நசுங்கும். பருத்தி காகிதம் எரிகிற மாதிரி எரியும். அக்ரிலிக்கும் பாலியஸ்டரும் உருகி, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நிற்கும். கலப்பு நூலோ என்று சந்தேகம் வந்தால், துணி வெளுக்கும் குளோரின் ப்ளீச்சில் ஒரு துண்டு நூலைப் போட்டு வையுங்கள். கம்பளியும் பட்டும் கரைந்துபோகும், மற்றவை நிற்கும். அந்த ப்ளீச் கிண்ணத்தை வினிகர் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். இந்த வேலையில் வினிகர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

இரண்டு சோதனையிலும் கம்பளி என்றே தெரிந்தும் சேரவில்லையா? அப்படியானால் அது சூப்பர்வாஷ் கம்பளியாக இருக்கலாம். வாஷிங் மெஷினில் சுருங்காமலிருக்க, குளோரினால் செதிலை மழுக்கி, மேலே மெல்லிய பாலிமர் பூசிய கம்பளி அது. எரித்தாலும் முடி வாடைதான் வரும், ப்ளீச்சிலும் கரையும். அதைக் காட்டிக்கொடுப்பது உருண்டைச் சோதனை மட்டுமே: ஒரு சிட்டிகை நாரை வெந்நீரிலும் சோப்பிலும் நனைத்து உள்ளங்கைகளுக்கிடையே ஐந்து நிமிடம் உருட்டுங்கள். கெட்டியான கோலிக்குண்டு கிடைத்தால் நல்ல நார். பிரித்தால் பிரிந்துவிடும் பஞ்சாகவே இருந்தால் அந்தப் பையை ஊசி வேலைக்கு, அதாவது காய்ந்த நாரை முள்ளூசியால் குத்திச் சேர்க்கும் வேலைக்கு, ஒதுக்கிவிடுங்கள். எந்தப் புதுக் கம்பளி வாங்கினாலும் வேறு எதையும் செய்யுமுன் இதைச் செய்துவிடுவது நல்லது.

உள்ளூர் ஆட்டு முடியை வைத்து முயல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேச்சேரி, கீழக்கரிசல், ராமநாதபுரம் வெள்ளை, மெட்ராஸ் சிவப்பு எல்லாம் கறிக்காக வளர்க்கும் ஆடுகள். அவற்றின் மேல் இருப்பது குட்டை முடி, கம்பளி அல்ல. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குரும்பை ஆட்டில் முரட்டுக் கம்பளி கிடைக்கும். மெதுவாகச் சேரும், அடியடுக்குக்கு ஆகும். மெல்லிய கம்பளி வேண்டுமென்றால் நீலகிரி ஆடுதான். மெரினோ ரத்தம் கலந்த இனம் அது. சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் பேணுகிறார்கள். கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் பாரத் மெரினோ வளர்க்கிறது.

நாரில் குற்றமில்லை என்றால் தண்ணீரையும் சோப்பையும் பாருங்கள். கையை வைத்தால் இதமான சூடு, சுமார் 40 டிகிரி, தொடக்கத்துக்குப் போதும். சோப்பு குறைந்தால் நார் விரலோடு ஒட்டிக்கொண்டு எழும்பி வரும். அதிகமானால் நுரைதான் நிறைய இருக்கும். இழைகள் நுரையில் மிதந்து ஒன்றையொன்று தொடாமல் வழுக்கும். விரல் வழுக்க வேண்டும், நுரை பொங்கக்கூடாது. தண்ணீர் துண்டைச் சுற்றிக் குளம் கட்டி நின்றாலும் இதே கதைதான். காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

மேலே தோல் மாதிரி இறுகிவிட்டது, உள்ளே பஞ்சாக இருக்கிறது

இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினால் மேலடுக்கு மட்டும் கூடாரம்போல எழும்புகிறதா? உள்ளே காற்றும் ஈரம் படாத நாரும் இருக்கின்றன என்று பொருள். மெரினோவில் இயற்கையாகவே கொஞ்சம் கொழுப்புப் பூச்சு உண்டு. தண்ணீர் தெளித்தவுடன் உள்ளே இறங்காது. மேலிருந்து கொதிநீரை ஊற்றி உடனே பலமாகத் தேய்த்தால் மேலடுக்கு தனக்குத்தானே பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு கீழே இருக்கும் நாருக்கு நுழைய வழி இருக்காது.

தொடக்கத்திலேயே கவனித்துவிட்டால் திருத்தம் எளிது. ஓரத்தைத் தூக்கி, உள்ளே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். தேய்க்க வேண்டாம், அழுத்தினால் போதும். தட்டையாகப் படிந்து, நிறம் சீராகக் கறுத்தால் ஈரம் முழுதும் இறங்கிவிட்டது. பிறகு மேலே கொசுவலைத் துணி போட்டு, கையின் எடை மட்டும் படும்படி தேய்க்கத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை வலையைத் தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் கம்பளி வலைக்குள்ளும் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும்.

முழுதும் சுருங்கிய பிறகு கண்டுபிடித்தால் ஈரத்தால் பயனில்லை. காயவைத்து, 38 எண் முள்ளூசியால் மேலிருந்து அடிவரை குத்தி இரண்டு அடுக்கையும் தைத்ததுபோல் பிணைக்கலாம். அல்லது அந்தக் குமிழை வெட்டித் திறந்துவிடலாம். அடியில் வேறு நிறம் அடுக்கியிருந்தீர்களானால் வெட்டின இடம் திட்டமிட்டுச் செய்ததுபோலவே தோன்றும். யாரும் கேட்க மாட்டார்கள்.

துணி கம்பளியை விட்டுக் கழன்று வருகிறது

மெல்லிய துணியோடு கம்பளியைச் சேர்க்கும் இந்த முறையை நூனோ என்பார்கள். 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் பாலி ஸ்டெர்லிங் வளர்த்தெடுத்தது. கம்பளி இழைகள் துணியின் கண்கள் வழியாக மறுபக்கம் போய், அங்கே ஒன்றோடொன்று சிக்கி, சுருங்கும்போது துணியையும் இழுத்துச் சுருக்கும். அந்தச் சுருக்கங்கள்தான் அழகு. கழன்று வருகிறது என்றால் இழைகள் மறுபக்கம் போகவில்லை.

துணியைப் புரட்டிப் பாருங்கள். பின்பக்கம் நுண்ணிய மயிர்போல் கம்பளி தெரிகிறதா? தெரிந்தால் பொறுமையாகத் தொடரலாம். ஒன்றுமே தெரியவில்லை என்றால் காரணம் நான்கில் ஒன்று.

முதலாவது, நெசவு நெருக்கம். துணியை வாயருகே பிடித்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கம் கையில் பட்டால் இழையும் போகும். மல்மல், ஷிஃபான், ஜார்ஜெட், ஆர்கன்சா தேறும். சாட்டின், டாஃபெட்டா, லைனிங் துணி தேறாது. இதில் பருத்தியா பாலியஸ்டரா என்பது இரண்டாம் பட்சம். கண் திறந்திருந்தால் பாலியஸ்டரும் பிடிக்கும். என்ன, பாலியஸ்டர் இழை வழுக்கலானது, விறைப்பானது, எனவே தொடக்கத் தேய்ப்பு இரண்டு பங்கு நேரம் கேட்கும், சுருக்கங்களும் மென்மையாக விழாமல் முரட்டுத்தனமாக நிற்கும். எனக்கு அந்த முரட்டுத்தனம் பிடிக்கும். பாறை, மரப்பட்டை மாதிரியான பரப்புக்குப் பட்டைவிட மலிவு ஜார்ஜெட்டே மேல்.

இரண்டாவது, கஞ்சி. புதுப் பருத்தியில் ஏற்றியிருக்கும் கஞ்சியும் மெருகும் கண்களை அடைத்துக்கொண்டிருக்கும். வெந்நீரில் அலசிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நூறு தடவை துவைத்த பழைய புடவையில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, கம்பளி தடிமனாகிவிட்டது. நிறைய அடுக்கினால் நன்றாகப் பிடிக்கும் என்று தோன்றும், நேர்மாறாகத்தான் நடக்கும். பக்கத்து இழையோடு சிக்குவது எளிது, துணிக்குள் நுழைவது கடினம். வாய்ப்புக் கிடைத்தால் கம்பளி எளிய வழியைத்தான் எடுக்கும். அடியில் இருக்கும் துணியின் நிறம் மங்கலாகத் தெரியுமளவு மெல்லிசாக அடுக்குங்கள்.

நான்காவது, சூடு. நூனோவில் முதல் கட்டம் முழுக்க ஆறிய தண்ணீரிலேயே போகட்டும். சூடும் வேகமும், துணியின் பின்பக்கம் மயிர் தெரிந்த பிறகுதான்.

இன்னும் இறுகாத நிலையில் இருந்தால், கம்பளியைப் பெயர்த்தெடுத்துப் பிய்த்து மெல்லிசாக்கி மறுபடி அடுக்கலாம். இறுகிவிட்டிருந்தால் கழன்ற ஓரங்களில் ஊசியால் குத்தலாம், அல்லது வண்ண நூலால் காந்தாத் தையல் ஓட்டலாம். தையல் ஓட்டிய துண்டு பல நேரம் குறையில்லாத துண்டைவிடப் பார்க்க நன்றாயிருக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு கோளாறு, ஸ்டேஷனரிக் கடை ஃபெல்ட் ஷீட்டின் மேல் ஈரக் கம்பளியைச் சேர்க்க முயல்வது. அந்த ஷீட் பாலியஸ்டரோ அக்ரிலிக்கோ ஆனது. தொழிற்சாலையில் முள்ளூசிகளால் குத்திச் சேர்த்தது. கம்பளி சுருங்கும், ஷீட் சுருங்காது. விளைவு, நடுவில் கூனல், ஓரத்தில் பிளவு. கம்பளித் துண்டைத் தனியே முழுதும் சுருக்கிக் காயவைத்த பிறகே ஷீட்டின் மேல் குத்தவோ தைக்கவோ வேண்டும்.

மேலே வைத்த பட்டும் வாழைநாரும் உதிர்கின்றன

தடவினால் கையோடு வருகிறதென்றால் அவற்றின் மேல் கம்பளி இல்லை. பட்டு நாரையோ மூங்கில் விஸ்கோஸையோ வைத்த பிறகு, அதன் மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவுக்குச் சிலந்தி வலைபோல் நாலு இழை கம்பளி இழுத்துவிட வேண்டும். பட்டின் பளபளப்பு கெடாது. கனமான கொத்தாக வைத்தால் ஓரம் ஒட்டும், நடு உரியும். நன்றாகப் பரத்தி வையுங்கள்.

வாழைநார் வேறு ரகம். விறைப்பானது, தடிப்பானது, வளைந்து கொடுக்காது; கம்பளி சுருங்கும்போது அது மட்டும் நீட்டி நிமிர்ந்து வெளியே துருத்தும். முந்தின இரவே ஊறவைத்து, சீப்பால் வாரி மெல்லிய இழைகளாகப் பிரித்து, குட்டையாக வெட்டி வைத்தால் கட்டுப்படும். நீளமாகவே வேண்டுமென்றால் தைத்துவிடுங்கள். தேங்காய் நாரை ஈரமுறையில் பிடிக்கவைக்க முயல்வது வீண். தைக்கலாம், நெய்து ஒட்டலாம், அவ்வளவுதான்.

ஏஞ்சலினா போன்ற மினுமினு நார்கள் பாலியஸ்டரால் ஆனவை. அவையும் கம்பளிக்கு அடியில்தான் வாழும். சூட்டில் ஒட்டும் வகையானால் இரண்டு காகிதத்துக்கு நடுவே வைத்து மிதமான இஸ்திரியில் முதலில் ஒரு தகடாக்கி, அதை வெட்டி வைத்தால் பிடிமானம் கூடும். ஆனால் முடிந்த துண்டை இஸ்திரி போடும்போது அதை மறந்துவிடாதீர்கள்: கம்பளிக்கு வைக்கும் சூட்டில் அது உருகிச் சுருண்டு, தொட்டால் பிளாஸ்டிக் உறைபோல் கரகரக்கும். ஆர்கன்சாவும் அப்படித்தான். மேலே ஈரத் துணி போட்டு, பின்பக்கத்திலிருந்து தேய்ப்பது பாதுகாப்பு.

எவ்வளவு கலக்கலாம் என்றால், செதில் இல்லாத நார் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் எனக்குத் தொல்லை வருவதில்லை. பாதியைத் தாண்டினால் துண்டு தொளதொளவென்று ஆகிவிடும். காஷ்மீரின் நம்தா விரிப்புகளிலும் கம்பளியோடு பருத்தி கலப்பதுண்டு. கம்பளியின் பங்கு கூடக் கூடத்தான் அங்கேயும் தரமும் விலையும் ஏறும்.

கோடுகள் நகர்ந்துவிட்டன, நிறங்கள் கலங்கிவிட்டன

முதலில் அலசும் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீரில் நிறம் இருந்தால் சாயம் இறங்குகிறது. தண்ணீர் தெளிவாக இருந்தும் துண்டு கலங்கலாகத் தெரிந்தால் அது சாயம் அல்ல, இழை. இரண்டுக்கும் மருந்து வேறு.

சாயம் இறங்கினால் வெந்நீரை நிறுத்துங்கள், சோப்பை விரைவாக அலசுங்கள், ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் விட்டுச் சில நிமிடம் முக்கி வையுங்கள். கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் சாயங்கள் பெரும்பாலும் அமிலத்தில் பிடிப்பவை. சோப்பின் காரம் அவற்றைத் தளர்த்தும். பருத்திப் புடவையின் சாயத்துக்கு இது அவ்வளவு உதவாது. அதை முன்கூட்டியே தனியே ஊறவைத்துச் சோதித்திருக்க வேண்டும். ஈரத்துண்டைச் சுருட்டியபடியே இரவு முழுக்க விட்டுவிடுவது எந்தச் சாயத்துக்கும் நல்லதல்ல.

தண்ணீர் தெளிவு என்றால், அடியடுக்கின் இழைகள் மேலே ஏறிவிட்டன. கறுப்புக்கு அடியில் வெள்ளை அடுக்கினால் கறுப்பு நரைத்துத் தெரியும். ஃபெல்ட்டின் இயல்பே அது; மேல்நிறத்துக்கு ஒத்த நிறத்தை அடியிலும் அடுக்குவதே தீர்வு. முடிந்த துண்டில், நரைத்த இடத்தின் மேல் அதே நிறத்தை 40 எண் மெல்லூசியால் குத்தித் திருத்தலாம்.

கோடு நகர்ந்தது வேறு விஷயம். தண்ணீர் அதிகம், அல்லது தோல் பிடிக்கும் முன்பே தேய்த்தாயிற்று. ஆனால் உண்மையில் நேர்க்கோடும் கூர்முனையும் வேண்டுமென்றால், பிரிந்த நாரால் அவற்றை வரைய முயல்வதே தவறான தேர்வு. கிர்கிஸ்தானில் இரண்டு வகை ஃபெல்ட் விரிப்புகள் உண்டு. அலா-கியிஸில் வண்ண நாரை இறுகாத அடியின் மேல் வைத்து உருட்டிச் சேர்ப்பார்கள். அதன் ஓரங்கள் கரைந்துதான் இருக்கும். ஷிர்டாக்கிலோ முடிந்த ஃபெல்ட்டை வெட்டி, துண்டோடு துண்டு பொருத்தித் தைப்பார்கள். கோடு கத்திபோல் நிற்கும். இரண்டையும் சேர்த்துத்தான் 2012இல் யுனெஸ்கோ அவசரப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலில் ஏற்றியது. கரைந்த ஓரம் வேண்டிய இடத்தில் முதல் வழி, கூர்மை வேண்டிய இடத்தில் இரண்டாவது. நடுவழி ஒன்றும் இருக்கிறது: பாதி இறுகிய மெல்லிய ஃபெல்ட்டைச் செய்து வைத்துக்கொண்டு, அதை வெட்டி அடியின் மேல் வைத்துச் சேர்ப்பது. உருவமும் கெடாது, பிடிப்பும் வரும்.

ஓட்டையும் மெலிந்த இடமும்

ஈரமான அரை ஃபெல்ட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எல்லாம் தெரியும். இந்த நிலையில் பின்பக்கம் நார் வைத்துத் தேய்த்தால் சேர்ந்துகொள்ளும். முழுதும் சுருங்கிய பிறகு வைத்தால் ஒட்டுப்போட்டதாகவே நிற்கும். ஊசியால் குத்திப் பின் நனைத்துத் தேய்ப்பது ஓரளவு உதவும். அடுத்த முறை நாரைக் கத்தரியால் வெட்டாமல் இழுத்துப் பிரித்து, ஓட்டு வேய்வதுபோல ஒன்றின் மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு ஏறும்படி அடுக்குங்கள். அடுத்த அடுக்கு குறுக்கே ஓடட்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் நாரைத் தராசில் நிறுத்துச் சமமாகப் பிரித்துக்கொள்வது அலுப்பான வேலைதான், ஆனால் கண் மதிப்பைவிட நம்பலாம்.

அளவு தப்பிவிட்டது, ஓரம் அலை அலையாக நிற்கிறது

சுருக்கத்தை ஊகிக்கக்கூடாது. அதே கம்பளி, அதே துணி, அதே அடுக்கு எண்ணிக்கையில் 40 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று செய்து முழுதும் சுருக்குங்கள். 28 சென்டிமீட்டர் ஆனால் சுருக்கம் 30 சதவீதம். 40ஐ 28ஆல் வகுத்தால் 1.43. முடிந்த துண்டு 60 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் 60 பெருக்கல் 1.43, அதாவது 86 சென்டிமீட்டருக்கு அடுக்க வேண்டும். 60உடன் 30 சதவீதம் கூட்டி 78 என்று போடுகிறவர்கள் பலர். முடிவில் துண்டு 55க்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும்.

செவ்வகமாக வந்துவிட்டதா? பிவிசி குழாயில் சுற்றி உருட்டும்போது, உருட்டும் திசையில்தான் சுருக்கம் அதிகம். நீண்ட பக்கம் உருளும் திசையில் வரும்படி திருப்பிச் சுற்றி உருட்டினால் சமமாகிவிடும். அளவு இன்னும் பெரிதாக இருந்தால் இப்போது சூட்டைக் கூட்டலாம்: கையுறை போட்டுக்கொண்டு 50, 60 டிகிரி வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மேசை மேல் பந்தாக எறியுங்கள். எல்லாத் திசையிலும் சுருங்கும். பட்டு கலந்திருந்தால் அவ்வளவு சூடு வேண்டாம். அளவு சிறிதாகிவிட்டால் ஈரத்தில் இழுத்து ஆணியடித்துக் காயவைக்கலாம், கொஞ்சம்தான் கொடுக்கும்.

ஓரம் அலைபோல் நெளிந்தால் நடு சுருங்கிவிட்டது, ஓரம் சுருங்கவில்லை. ஓரத்தை மட்டும் விரலிடுக்கில் வைத்துத் தேயுங்கள். துண்டு கிண்ணம்போல் குழிந்தால் நேர்மாறு. ஓரத்தை இழுத்து, நடுவில் வேலை செய்யுங்கள்.

மேற்பரப்பு முடி முடியாக இருக்கிறது

துண்டு சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். இன்னும் உருட்டுங்கள். முழுதும் இறுகியும் முடி நின்றால் காய்ந்த பிறகு சவரக் கத்தியால் மெதுவாக எடுக்கலாம். முரட்டு நாட்டுக் கம்பளியில் வெள்ளையாக, குட்டையாக, குத்துகிற மயிர்கள் கலந்திருக்கும். சாயமும் ஏறாது, ஃபெல்ட்டுக்குள்ளும் நிற்காது. அவற்றை நார் பிரிக்கும்போதே பொறுக்க வேண்டும். அடியடுக்கானால் விட்டுவிடலாம்.

ஊசி வேலையில், கருநிறப் பரப்பிலிருந்து வெள்ளை மயிர் எட்டிப் பார்த்தால் உள்ளே அடைத்திருப்பது தலையணைப் பாலியஸ்டர் பஞ்சு. வழுக்கலானது, நிற்காது. உள்ளீடாக மலிவான முரட்டுக் கம்பளியை வையுங்கள். ஊசி அடிக்கடி உடைந்தால், குத்திய கோணத்திலேயே வெளியே எடுக்கப் பழகுங்கள். உள்ளே இருக்கும்போது நெம்பினால் நுனி முறியும். பரப்பில் குழிகள் தெரிந்தால் 36 எண்ணிலிருந்து 40க்கு மாறும் நேரம் வந்துவிட்டது.

காய்ந்த பிறகும் பிசுபிசுப்பு, வாடை

போர் தண்ணீர்தான் காரணம், பத்துக்கு எட்டு வீட்டில். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத சாம்பல் நிறக் கசடாகி, கம்பளியின் மேல் படிந்துவிடும். எவ்வளவு அலசினாலும் போகாது, ஏனென்றால் அலசுகிற தண்ணீரும் அதே போர் தண்ணீர். அப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்கள் கட்டிச் சோப்பை விட்டு, பாத்திரம் கழுவும் திரவத்துக்கு மாறுங்கள். அது கசடு கட்டாது. நுரை கூடுதலாக வரும் என்பதால் சில சொட்டுகள் போதும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்தி, அதில் கொஞ்சம் வினிகர் சேருங்கள். ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் தண்ணீர் வேண்டாம். உப்பு அதில்தான் அதிகம்.

வாடைக்கு இன்னொரு காரணம் காயாமை. கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெரிய துண்டு தொடங்காமலிருப்பது உத்தமம். தொடங்கிவிட்டால், தலையணை உறைக்குள் தட்டையாக மடித்துப் போட்டு மெஷினில் ஸ்பின் மட்டும் ஓடவிடுங்கள். பிறகு கயிற்றில் தொங்கவிடாமல், கட்டிலில் விரித்து மின்விசிறி போட்டு நிழலில் காயவையுங்கள்.

சுவரில் மாட்டிய பிறகு ஓட்டைகள் விழுகின்றன

உற்றுப் பாருங்கள். கம்பளி மட்டும் போய், நைலானும் பாலியஸ்டரும் அந்தரத்தில் தொங்கினால் அது துணிப்பூச்சியின் புழு. கம்பளியிலும் பட்டிலும் இருக்கும் புரதம்தான் அதற்கு உணவு; செயற்கை இழையைத் தொடுவதில்லை. துண்டைப் பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே விட்டு, குளிர் முழுதும் போன பிறகு பிரித்தால்தான் வேர்வை பிடிக்காது. வேப்பிலை பூச்சியைக் கொஞ்சம் விலக்கலாம், உள்ளே இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. ஓட்டைகளை அதே நிறக் கம்பளியால் ஊசிகொண்டு நிரப்பிவிட்டு, மாட்டும் இடத்தை மாற்றுங்கள். வெயில் நேராக விழாத, காற்றோட்டமான சுவராக இருக்கட்டும். மாதம் ஒருமுறை கழற்றிப் பின்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள், பூச்சி முதலில் குடியேறுவது அங்கேதான்.